டெல்லி கணேஷ்: கேட்கத் தெரிந்த நடிகர்

என்னிடம் வந்த கேள்வி இதுதான். டெல்லி கணேஷ் நானூறு படங்களுக்கு மேல் நடித்தார் என்கிறார்கள்; ஆனால் "இது டெல்லி கணேஷ் படம்" என்று சொல்லும்படி ஒன்றுகூட நினைவுக்கு வருவதில்லை. அப்பாவாகவோ மாமாவாகவோ சமையற்காரராகவோ வந்துபோகிற ஒருவரைப் பெரிய நடிகர் என்று சொல்வது, மறைந்தவர் மீதுள்ள மரியாதையினாலா, இல்லை உண்மையிலேயே அவரிடம் அப்படியொரு திறமை இருந்ததா?

கேள்வியில் குறும்பு இல்லை; நேர்மையான ஐயம். அதனால் நேராகவே பதில் சொல்கிறேன். திறமை இருந்தது. தமிழ்த் திரையில் அந்த வகைத் திறமை இருந்தவர்கள் மிகச் சிலர்தான். அதைச் சரியாகப் பெயரிட்டுச் சொல்வதில்தான் நாம் தவறுகிறோம். "இயல்பான நடிப்பு", "குணச்சித்திர நடிகர்" என்று இரண்டு சொற்களை எடுத்து எல்லோர் மீதும் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறோம். டெல்லி கணேஷின் கலை அவருடைய காதில் இருந்தது என்பது என் கருத்து. மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை அவர் கூர்ந்து கேட்டு வைத்திருந்தார். எதிரில் இருக்கும் நடிகர் பேசும்போதும் உண்மையாகவே கேட்டார். அவருடைய வாழ்க்கையையும் நடிப்பையும் இந்த ஒன்றை வைத்தே விளக்க முயல்கிறேன்.

அவர் 1944 ஆகஸ்டு 1 அன்று வல்லநாட்டில் பிறந்தார். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் சாலையில், தாமிரபரணிக் கரையை ஒட்டிய ஊர். இன்று வெளிமான் சரணாலயத்தால் பெயர் தெரியும் ஊர். இப்போது அது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது என்றாலும், அவர் பிறந்து வளர்ந்தபோது திருநெல்வேலி மாவட்டம்தான். இயற்பெயர் கணேசன். இருபது வயதில், 1964இல், இந்திய விமானப் படையில் சேர்ந்தார். பத்து ஆண்டுகள் பணியாற்றி 1974இல் வெளியே வந்தார். அந்தப் பத்து ஆண்டுகளில்தான் 1965, 1971 ஆகிய இரண்டு போர்களும் நடந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அது சாதாரணமான அரசு வேலைக்காலம் இல்லை என்பது புரியும்.

தில்லியில் இருந்தபோது தட்சிண பாரத நாடக சபையில் நடிக்கத் தொடங்கினார். தில்லித் தமிழர்களின் நாடகச் சூழலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சென்னை சபாக்களில் நாடகம் பார்க்க வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பேசுகிறவர்கள். தில்லியில் அப்படி இல்லை. தஞ்சாவூர்க்காரர், பாலக்காட்டுக்காரர், நெல்லைக்காரர், மதராஸ்காரர் என்று மத்திய அரசு வேலைக்கு வந்த எல்லோரும் ஒரே குடியிருப்பில், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கி வாழ்ந்தார்கள். ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு தமிழ். காது கூர்மையாக உள்ள ஓர் இளைஞனுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைத்திருக்காது. விமானப் படை முகாமிலோ இந்தியாவின் எல்லா மொழிகளும் கேட்கும். பிற்காலத்தில் அவர் எந்த வட்டாரப் பேச்சையும் கொச்சையாக்காமல், கேலியாக்காமல் பேச முடிந்ததற்கு விதை அங்கேயே விழுந்தது என்று நான் நம்புகிறேன்.

சென்னைக்கு வந்தபிறகு காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழுவில் நடித்தார். அங்கிருந்துதான் கே. பாலசந்தரின் 'பட்டினப்பிரவேசம்' (1977) வாய்ப்பு வந்தது. விசு எழுதிய மேடை நாடகத்தின் திரை வடிவம் அது. கிராமத்திலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்து சிதைந்துபோகும் ஒரு குடும்பத்தின் கதை. கணேசனை டெல்லி கணேஷாக்கியவர் பாலசந்தர்தான். வல்லநாட்டுக்காரருக்குத் தில்லியின் பெயர் ஒட்டிக்கொண்டது, கடைசிவரை போகவில்லை.

இனி 'பசி'. 1979இல் துரை இயக்கிய படம். டெல்லி கணேஷைப் பற்றிப் பேசும் பலர் கமல்ஹாசன் படங்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள்; அது தவறு. 'பசி'யில் அவர் முனியாண்டி என்னும் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர். சென்னைக் குடிசைப் பகுதியில் வாழும் பெரிய குடும்பத்தின் தலைவர். குப்பை பொறுக்கப் போகும் குப்பம்மாவின் தந்தை. குப்பம்மாவாக நடித்த ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. படமும் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. டெல்லி கணேஷுக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. ஷோபா அடுத்த ஆண்டே மறைந்துவிட்டதால் அந்தப் படத்தைப் பற்றிய பேச்சு முழுவதும் அவரைச் சுற்றியே அமைந்தது, அது இயல்புதான். ஆனால் படத்தை இப்போது மறுபடி பார்க்கிறவர்கள், முனியாண்டியின் பேச்சை மட்டும் தனியாகக் கவனித்துப் பாருங்கள்.

அதுவரை தமிழ் சினிமாவில் மெட்ராஸ் பாஷை என்றால் நகைச்சுவைக்காகத்தான் பெரும்பாலும் பயன்பட்டது. சொற்களை இழுத்து, முகத்தைக் கோணி, பார்ப்பவரைச் சிரிக்க வைப்பதற்கான கருவி. முனியாண்டி அப்படிப் பேசவில்லை. ரிக்‌ஷா மிதித்துக் களைத்து வந்த மனிதனுக்குப் பேச்சில் எவ்வளவு மூச்சு மிச்சமிருக்குமோ அவ்வளவுதான் இருக்கிறது. பாதிச் சொற்களை விழுங்கிவிடுகிறார். கோபம் வரும்போதுகூடச் சொல் முழுசாக வருவதில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா? சீருடையும் ஒழுங்குமாகப் பத்து ஆண்டுகள் வாழ்ந்த ஒரு நெல்லைக்காரர், விமானப் படையை விட்டு வந்த ஐந்தே ஆண்டுகளில், கைலியும் கிழிந்த பனியனுமாக அந்தக் குடிசைக்குள் உட்கார்ந்திருக்கிறார். அவர் வெளியூர்க்காரர் என்ற எண்ணம் ஒரு கணமும் நமக்கு வருவதில்லை. என் கணிப்பில் தமிழ்த் திரையில் நகர்ப்புற ஏழைத் தந்தையாக வந்த பாத்திரங்களில் முனியாண்டிக்கு இணையாகச் சொல்ல இரண்டு மூன்று பெயர்கள்தான் கிடைக்கும்.

அதன்பின் 1981இல் 'எங்கம்மா மகாராணி' என்ற படத்தில் கதாநாயகனாகவே நடித்தார். அந்தப் பாதை தொடரவில்லை. அதை ஒரு தோல்வியாக நான் எண்ணவில்லை; அவருடைய கலை ஒரு படத்தைத் தன்னைச் சுற்றிச் சுழல வைக்கும் கலை இல்லை. அதே ஆண்டு வெளிவந்த பாலசந்தரின் '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழ்க் குரல் கொடுத்தவரும் இவர்தான். வேறு சில நடிகர்களுக்கும் டப்பிங் பேசியிருக்கிறார். முகம் தெரியாமல், இன்னொருவருடைய உதட்டசைவுக்குள் தன் மூச்சை அடக்கிப் பேச வேண்டிய வேலை அது. அந்த நடிகர் எங்கே நிறுத்துகிறார், எங்கே எச்சில் விழுங்குகிறார், எந்த எழுத்தில் தலையைத் திருப்புகிறார் என்பதையெல்லாம் கவனித்து, அதற்கு ஏற்பச் சொல்லை வைக்க வேண்டும். கேட்கவும் கவனிக்கவும் தெரியாதவரால் அதைச் செய்ய முடியாது.

'சிந்து பைரவி' (1985) படத்தின் தொடக்கப் பகுதியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிவகுமார் நடித்த ஜே.கே.பி. என்னும் சங்கீத வித்வான் கச்சேரிக்கு வருகிறார். மிருதங்க வித்வான் குருமூர்த்தி குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. குருமூர்த்தியை அனுப்பிவிட்டு மிருதங்கமே இல்லாமல் ஜே.கே.பி. பாடுகிறார். குருமூர்த்தியாக வருபவர் டெல்லி கணேஷ். காட்சியின் பெருமை முழுவதும் ஜே.கே.பி.க்குப் போக வேண்டும். அவருடைய ஒழுக்கமும் கர்வமும் அங்கேதான் நிலைநிறுத்தப்படுகின்றன. அதைக் கெடுக்காமல், அதே சமயம் பார்ப்பவர் மனத்தின் ஒரு மூலையில் அந்த அவமானம் தங்கும்படி குருமூர்த்தி வெளியேற வேண்டும். அதிகமாக அழுதால் ஜே.கே.பி. கொடியவராகிவிடுவார், அலட்சியமாகப் போனால் காட்சிக்குக் கனம் இருக்காது. தப்பு தன்மேல்தான் என்று தெரிந்த மனிதனின் தலைகுனிவு, அதற்குள் ஒரு கலைஞனுக்குரிய வலி, இவ்வளவையும் சில நொடிகளில் காட்டிவிட்டுப் போகிறார். பின்னால் அதே குடிக்கு ஜே.கே.பி. அடிமையாகும்போது, முதலில் வெளியேற்றப்பட்ட மிருதங்கக்காரர் நம் நினைவில் வந்து நிற்கிறார். படத்தின் நடுவே இருக்கும் அந்தப் பெரிய முரண் நிற்பதற்கு அடித்தளம் போட்டவர் அவர். இதை எத்தனை பேர் கவனித்துப் பாராட்டினார்கள் என்று கேட்டால், மிகக் குறைவுதான்.

'நாயகன்' (1987) படத்தில் வேலு நாயக்கரின் கூட்டத்தில் ஐயராக வருகிறார். இந்தி பேசத் தெரியாத நாயக்கருக்காக இந்தியில் பேசி, மொழிபெயர்த்துச் சொல்பவர். தில்லியில் பழகிய இந்தி அங்கே கைகொடுத்தது. பம்பாயின் ஒரு தாதாவுக்குப் பக்கத்தில் பூணூல் போட்ட, வன்முறைக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒருவர் ஏன் இருக்கிறார் என்று படம் விளக்குவதில்லை. ஆனால் அவர் நிற்கிற விதத்தில், நாயக்கர் வாயைத் திறக்கும் முன்பே அந்தப் பக்கம் திரும்பும் கண்களில், அந்த விசுவாசத்தின் பழைய கதை முழுவதும் இருக்கிறது. அடுத்த இரண்டாண்டுக்குள் 'அபூர்வ சகோதரர்கள்' (1989) வந்தது. நாகேஷ், ஜெய்சங்கர், நாசர் ஆகியோரோடு சேர்ந்து நான்கு வில்லன்களில் ஒருவர். பெயர் பிரான்சிஸ் அன்பரசு. தந்தைப் பாத்திரத்துக்கென்றே பிறந்தவர் என்று அவரை முத்திரை குத்துகிறவர்கள் இந்தப் படத்தை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது 'மைக்கேல் மதன காம ராஜன்' (1990) படத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்றாக வேண்டும். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம், கமல்ஹாசனுக்கு நான்கு வேடம். அந்த நால்வரில் ஒருவன் காமேஸ்வரன் என்ற சமையற்காரன். அவனை எடுத்து வளர்த்த தந்தை பாலக்காட்டு மணி ஐயர். மணி ஐயர்தான் டெல்லி கணேஷ்.

கிரேசி மோகனின் வசனத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு நகைச்சுவைக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒரு சொல்லின் வாலைப் பிடித்து அடுத்தவர் வேறு பொருளில் பேசுவார். அதன் வாலை இவர் பிடிப்பார். நாடக மேடையில் கைதட்டல் அடங்கும்வரை நடிகர் காத்திருக்கலாம். சினிமாவில் அந்த வசதி இல்லை. ஆகவே இடைவெளியை நடிகரே கணக்கிட்டு வைக்க வேண்டும். காமேஸ்வரனும் மணி ஐயரும் பேசும் காட்சிகளில் அந்தக் கணக்கைப் பெரும்பாலும் வைத்திருப்பவர் மணி ஐயர்தான். காமேஸ்வரன் ஒன்றைச் சொல்வான். மணி ஐயர் அதைக் காதில் வாங்கி, மனத்தில் ஒருமுறை புரட்டிப் பார்த்து, அர்த்தம் உறைத்தபின் பதில் சொல்வார். அந்த அரை நொடியில்தான் பார்க்கிறவருக்கும் உறைக்கிறது. நகைச்சுவையை எறிபவர் எவ்வளவு முக்கியமோ, பிடிப்பவரும் அவ்வளவு முக்கியம். பிடிக்கத் தெரியாதவர் எதிரில் இருந்தால் எவ்வளவு நல்ல வசனமும் தரையில் விழும். நாடகக் குழுக்களோடு சில ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், வசனம் பேச ஆள் கிடைப்பார்கள். கேட்க ஆள் கிடைப்பது அரிது.

கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்துவிடும் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பந்தி நடக்கிறது, சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் சைவர்கள், சமையல் பொறுப்பு மணி ஐயருடையது. விஷயம் வெளியே தெரிந்தால் தொழிலும் போகும், மானமும் போகும். இதைச் சத்தம் போட்டு, தலையில் அடித்துக்கொண்டு நடிக்கலாம். அப்படி நடித்திருந்தால் நாமும் சிரித்துவிட்டு மறந்திருப்போம். மணி ஐயருக்கு அது நகைச்சுவையே இல்லை, ஆபத்து. வயதான ஒரு பரிசாரகர் வாழ்நாள் முழுவதும் காப்பாற்றிய ஒரே சொத்தான கைச்சுத்தம் கண்ணெதிரே போகிறது. அவர் உண்மையாகவே பயப்படுவதால்தான் நாம் அடக்க முடியாமல் சிரிக்கிறோம். குரலைத் தாழ்த்தி, பாலக்காட்டுத் தமிழுக்கே உரிய அந்த ஏற்ற இறக்கத்தோடு அவர் தவிக்கும் தவிப்பு, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் பழசாகவில்லை.

அந்தப் பேச்சு வழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிராமணப் பேச்சு என்றால் தமிழ் சினிமாவில் பெரும்பாலும் ஒரே அச்சு. எந்த ஊர், எந்தத் தலைமுறை என்ற வேறுபாடு இருக்காது. டெல்லி கணேஷ் இந்த அச்சை ஏற்றுக்கொள்ளவில்லை. மணி ஐயர் பேசுவது மலையாளத்தின் சாயல் படிந்த பாலக்காட்டுத் தமிழ். வாக்கியத்தின் கடைசியில் குரல் மேலே போய்த் தொங்கும். 'அவ்வை சண்முகி' (1996) படத்தில் வரும் சேதுராம ஐயர் பேசுவது சென்னைப் பட்டணத்துப் பேச்சு. வேகம் கூடுதல், தேன் தடவிய தந்திரம், பெரிய வீட்டில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறவனின் பணிவு. 'தெனாலி' (2000) படத்தில் மனநல மருத்துவர் பஞ்சபூதமாக வரும்போது படித்த மனிதனின் பொறாமை பேச்சில் இருக்கிறது. மூவரையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே நடிகர்தான் என்பது முகத்தை வைத்துத்தான் தெரியும்; குரலை வைத்துத் தெரியாது. 1993-94ஆம் ஆண்டுக்கான கலைமாமணி விருதைத் தமிழக அரசு அவருக்கு வழங்கியது.

தொலைக்காட்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியபோது, நாடகம் என்ற வகைக்கு அது நம்பியது சபா நாடகக்காரர்களைத்தான். மேடையில் வளர்ந்த ஒரு தலைமுறை முழுவதும் அந்தச் சின்னத் திரைக்குள் வந்தது. தனியார் அலைவரிசைகள் வந்தபிறகு, தொண்ணூறுகளின் நடுவிலிருந்து, நெடுந்தொடர்களின் காலம் பிறந்தது. டெல்லி கணேஷ் பல தொடர்களில் நடித்தார். ராதிகாவோடு சன் தொலைக்காட்சியின் 'செல்லமே' தொடரில் வந்ததைப் பல வீடுகளில் இன்றும் நினைவுகூர்கிறார்கள். எங்கள் தெருவில் அவரைத் தொடரின் வழியாக மட்டுமே அறிந்த பெண்கள் உண்டு. 'பசி' என்று ஒரு படம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதனால் அவர்களுடைய மதிப்பு குறைந்ததும் இல்லை. வீட்டில் தினமும் வந்துபோகிற பெரியவர் ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார்கள்.

தொடர் நடிப்பு எளிது என்று நினைப்பவர்களுக்கு அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாது. அரை மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்சி வேண்டும். வாரத்தில் குறைந்தது ஐந்து நாளும் வேண்டும். வசனம் பல நாள்களில் படப்பிடிப்புத் தளத்துக்கே அன்று காலையில்தான் வந்து சேரும். மனப்பாடம் செய்ய நேரம் இல்லாததால், கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் ஒருவர் நின்று வசனத்தை வரி வரியாகப் படிப்பார். நடிகர் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வார். பின்னால் டப்பிங்கில் அந்தப் படிக்கும் குரல் போய்விடும். இதன் விளைவு என்ன? நடிகர் எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்பதில்லை. படிப்பவர் சொல்வதைத்தான் கேட்கிறார். கண் ஒரு பக்கம், காது இன்னொரு பக்கம். நெடுந்தொடர்களில் இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று பேசியும் தனித்தனியாகப் பேசுவதுபோல் நமக்குத் தோன்றுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இந்த நெருக்கடிக்கு நடுவிலும், அவர் இருக்கும் காட்சிகளில் உரையாடல் உரையாடலாகவே இருந்தது. மகள் பேசிக்கொண்டிருக்கும்போது முகத்தில் குளோஸ்-அப் வைத்தால், அங்கே கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு தந்தை இருப்பார். தொடர்களின் வழக்கப்படி அந்த முகத்தின் மேல் இடிபோல் இசை விழும், கேமரா மூன்று முறை முன்னும் பின்னும் போகும். அதற்கெல்லாம் அவர் பொறுப்பில்லை. அந்த ஆரவாரத்தை நீக்கிவிட்டு முகத்தை மட்டும் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். சினிமாவுக்கு ஒரு தரம், தொடருக்கு ஒரு தரம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

இளைஞர்களின் குறும்படங்களிலும் அதே தரத்தோடுதான் நடித்தார். பேட்மேன் சென்னையில் பிறந்திருந்தால் எப்படியிருக்கும் என்ற கற்பனையில் யூடியூபில் வந்த ஒரு படத்தில், நாயகனின் வீட்டுப் பணியாளர் ஆல்பிரெட் பாத்திரத்தை எழுபது வயதில் ஏற்றுச் செய்தார். 'என்னுள் ஆயிரம்' (2016) என்ற படத்தைத் தயாரித்துத் தம் மகனைக் கதாநாயகனாக்கினார். தமக்குக் கிடைக்காத இடத்தை மகனுக்குத் தர நினைத்த தந்தையின் ஆசை என்று அதைப் புரிந்துகொள்கிறேன்.

2024இல் வெளியான 'இந்தியன் 2' வரை கமல்ஹாசனோடான அந்தக் கூட்டு தொடர்ந்தது. அந்த ஆண்டு நவம்பர் 9 அன்று இரவு, சென்னை ராமாபுரத்தில் தம் இல்லத்தில், எண்பதாவது வயதில், உறக்கத்திலேயே காலமானார். இறுதி மரியாதை செலுத்த விமானப் படையினர் வந்திருந்தார்கள். சினிமாக்காரர்கள் கூடி நின்ற அந்த வீட்டு வாசலில் சீருடையோடு அவர்கள் வந்து நின்றபோதுதான், இந்த மனிதருக்கு நாம் பார்த்திராத ஒரு பத்தாண்டு இருந்தது என்பது பலருக்கு உறைத்தது.

இனி, கேள்வியின் இன்னொரு பாதிக்கு வருகிறேன். "இது டெல்லி கணேஷ் படம்" என்று சொல்லும்படி ஒன்றுகூட இல்லையா? இருக்கிறது. 2021 ஆகஸ்டு 6 அன்று நெட்பிளிக்ஸில் வெளிவந்த 'நவரசா' தொகுப்பில், வசந்த் எஸ். சாய் இயக்கிய 'பாயசம்'. தி. ஜானகிராமனின் சிறுகதையைத் தழுவியது. ஒன்பது சுவைகளுக்கும் ஒவ்வொரு படம் என்று அமைந்த அந்தத் தொகுப்பில், அருவருப்பு என்னும் சுவைக்கு உரியது இது. எழுபத்தேழு வயதில் அவருக்குக் கிடைத்த முதன்மைப் பாத்திரம். மனைவியாக ரோகிணி, விதவை மகளாக அதிதி பாலன்.

சாமநாது என்னும் முதியவர் தம் அண்ணன் மகனின் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். அந்த அண்ணன் மகன் செல்வாக்கோடு இருக்கிறான். ஊரே அவனைக் கொண்டாடுகிறது. சாமநாதுவுக்கு மனைவி போய்விட்டாள். மகள் இளம் வயதிலேயே விதவையாகி வீட்டில் இருக்கிறாள். அங்கே ஒலிக்கும் ஒவ்வொரு நாதஸ்வர ஓசையும் அவர் வயிற்றில் நெருப்பாக விழுகிறது. இறந்த மனைவி பக்கத்தில் நின்று அவர் மனத்தை அவருக்கே சொல்லிக்காட்டுகிறாள். கடைசியில், யாரும் பார்க்காத நேரத்தில், பந்திக்காகக் காய்ச்சி வைத்திருக்கும் பாயசப் பாத்திரத்தைத் தள்ளிக் கவிழ்த்துவிட்டு, உள்ளே அசிங்கமான ஜந்து விழுந்து கிடந்தது என்று ஒரு பொய் சொல்லிவிடுகிறார். எல்லோரும் நம்புகிறார்கள், பெரியவர் காப்பாற்றினார் என்று நன்றியும் சொல்வார்கள். மகள் மட்டும் அவரைப் பார்க்கிறாள்.

இந்தப் பாத்திரத்தை வில்லனாக நடிப்பது எளிது. பரிதாபத்துக்குரியவராக நடிப்பதும் எளிது. டெல்லி கணேஷ் இரண்டையும் செய்யவில்லை. அவர் செய்தது கேட்பதுதான். கல்யாண வீட்டின் சத்தங்களை, வருகிறவர்கள் அண்ணன் மகனைப் புகழும் சொற்களை, மனைவியின் குத்தலை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நடக்கிறார். பொறாமை பேச்சில் வருவதில்லை. ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தபின் முகத்தில் ஏதோ ஒன்று சற்றே இறுகுகிறது. அந்த இறுக்கம் மெல்ல மெல்லச் சேர்ந்து கைக்கு வந்து பாத்திரத்தைத் தள்ளுகிறது. ஏன் தள்ளினார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த இருபத்தைந்து முப்பது நிமிடங்களும் நாம் அவர் காதின் வழியாகவே கல்யாணத்தைக் கேட்டிருக்கிறோம்.

மணி ஐயரையும் சாமநாதுவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் கல்யாணப் பந்தி. இரண்டு இடத்திலும் சாப்பாட்டில் விழக் கூடாத ஒன்று விழுந்துவிட்டது என்ற பதற்றம். ஒருவர் உண்மையாகவே விழுந்ததை மறைக்கத் தவிக்கிறார். மற்றவர் விழாததை விழுந்ததாகச் சொல்கிறார். இடையில் முப்பத்தோரு ஆண்டுகள். ஒரே நடிகர், ஒரே நடிப்புப் பழக்கம். முதலாவதில் நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம், இரண்டாவதில் நமக்குள்ளேயே இருக்கும் சிறுமையைப் பார்த்துக் கூசினோம். இரண்டையும் செய்தவரைப் பெரிய நடிகர் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

ஆகவே, கேட்டவருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். நானூறு படங்களையும் தேட வேண்டாம். 'பசி'யை முதலில் பாருங்கள். அடுத்து 'சிந்து பைரவி'யின் தொடக்கம். பிறகு 'மைக்கேல் மதன காம ராஜன்' படத்தில் மணி ஐயர் வரும் காட்சிகள். நான்காவதாக 'பாயசம்' பாருங்கள். அதில் பாத்திரம் கவிழ்ந்தபின், மகளின் கண்ணைச் சந்திக்க வேண்டிய அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, மறுபடி பத்து நொடி பின்னால் போய்ப் பாருங்கள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும் கணம் ஒன்று அங்கே இருக்கிறது. அப்போது அவர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.